மருந்தடித்துவிட்டு வரும் மயக்கம் "பழகிப்போய்விட்டதா"?

மட்டக்களப்பு, படுவான்கரையிலிருந்து ஒரு தங்கை வைத்தியரான எனக்கு எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 34. இரண்டு பிள்ளைகள்; இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. ஊரையும் சில விவரங்களையும் மறைத்துச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு வயது 39. சொந்தக் காணி கிடையாது. காணிச் சொந்தக்காரரான போடிமாரின் வயல் வட்டைகளில் கூலிக்குப் பூச்சிமருந்து அடிப்பதுதான் தொழில். தெளிகருவியின் டாங்கிக் கணக்கில் காசு என்பதால் காலையில் தொடங்கினால் பின்னேரம் வரைக்கும் முதுகிலிருந்து டாங்கியை இறக்க மாட்டார். இந்தப் பெரும்போகத்தில் நெல்லுக்கு அறக்கொட்டிப் பூச்சி விழுந்ததால் பல நாளாக ஓய்வே இல்லை. வீட்டுக்கு வந்தால் தலையிடி, குமட்டல், சட்டை நனைய வியர்வை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. வயிறு முறுக்கி இரண்டு மூன்று தரம் வெளிக்குப் போகிறது. கண்ணிமை துடிக்கிறது. "லைட் போட்டிருக்கும்போதே வீடு இருட்டாக் கிடக்கு என்கிறார்" என்று எழுதியிருக்கிறார். இரண்டு மூன்று நாள் வேலை இல்லாவிட்டால் இதெல்லாம் இறங்கிவிடுகிறது. ஆனால் பாதத்தில் ஒரு விறைப்பு, மறதி, முன்பில்லாத கோபம் ஆகியவை அப்படியே நிற்கின்றன.

போன கிழமை வட்டைக்குள்ளேயே வாந்தி எடுத்து விழுந்துவிட்டார். கூட நின்றவர்கள் வயல் குடிசையான வாடியில் கிடத்திப் பால் பருக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. "மருந்து குடிச்சதெண்டு எழுதிப்போடுவாங்கள், பொலிஸ் வரும்" என்ற பயம்தான் காரணம். அவரோ, "எனக்குப் பழகிப்போச்சு, புதுசா அடிக்கிறவனுக்குத்தான் தலை சுத்தும்" என்கிறாராம். தங்கையின் கேள்விகள் பல. உடம்பில் எவ்வளவு நஞ்சு இருக்கிறதென்று பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கிறதா? சிறுநீரகம் பழுதாகிவிடுமா? அவருடைய உடுப்பைத் துவைப்பதால் வயிற்றுப்பிள்ளைக்கு ஏதும் வருமா? லீவு நாளில் மருந்து கலக்கிக் கொடுக்கப் போகும் 15 வயது மகனை என்ன செய்வது? போடியாரிடம் முற்பணம் வாங்கியிருக்கும்போது வேலையை எப்படி விடுவது?

தங்கச்சி, உங்கள் கடிதத்திலேயே முக்கால்வாசிப் பதில் இருக்கிறது. எப்போது வருகிறது, எப்போது இறங்குகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது எந்த ஸ்கேனையும் விட எனக்கு உதவுகிறது. அடித்த நாள் பின்னேரம் வருகிறது, அடிக்காத நாட்களில் குறைகிறது, அடுத்த வட்டைக்குப் போனதும் திரும்புகிறது. நேரில் பார்க்காமல் நோயை உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் இது பூச்சிநாசினி உடம்புக்குள் போவதால் வருவது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறு காரணம் என்றால் அதைப் பரிசோதிக்கும் வைத்தியர் சொல்லட்டும்.

வெயில் மயக்கம் இப்படி இருக்காது

நெல்லுக்கு அடிக்கும் பூச்சிநாசினிகளில் ஓர்கனோபொஸ்பேட், கார்பமேட் என்று இரண்டு குடும்பங்கள் உண்டு. அறக்கொட்டிக்கு அடிக்கும் பிபிஎம்சி கார்பமேட் வகையைச் சேர்ந்தது. இரண்டும் தாக்குவது ஒரே இடத்தைத்தான். நரம்பு ஒரு தசைக்கோ சுரப்பிக்கோ கட்டளை அனுப்பும்போது ஓர் இரசாயனத்தை வெளிவிடுகிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்து நிறுத்த கோலினெஸ்டரேஸ் என்ற நொதியம் இருக்கிறது. வாய்க்கால் துருசைத் திறந்த பிறகு மூடுவதற்கு ஒருவர் வேண்டுமல்லவா, அந்த வேலை இதனுடையது. பூச்சிநாசினி இந்த நொதியத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கட்டளை நிற்காமல் ஓடுகிறது. அதனால்தான் எச்சில், கண்ணீர், வியர்வை, வயிற்றோட்டம் எல்லாம் ஒன்றாகப் பெருகுகின்றன, தசை துடிக்கிறது, கண்மணி சுருங்கிவிடுகிறது. கண்மணி சுருங்கினால் உள்ளே போகும் வெளிச்சம் குறையும். வீடு இருட்டாகத் தெரிவது அதனால்தான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பொழுது சாயும் நேரம், அரைவெளிச்சத்தில் அவரையும் உங்களையும் பக்கத்தில் நிறுத்தி மூத்த பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கண்மணி விரிந்திருக்க, அவருடையது மிளகளவுக்கும் சின்னதாக இருந்தால் அது பலமான அறிகுறி. ஆனால் கண்மணி சாதாரணமாக இருப்பதை மட்டும் வைத்து நஞ்சு இல்லை என்று முடிவெடுத்துவிடாதீர்கள்.

வெயிலில் வரும் களைப்பில் வாய் காயும், தாகம் எடுக்கும், சிறுநீர் குறையும். அவருக்கோ வாய் ஊறுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் சேர்ந்து வந்து, கண் சிவந்து, சிறுநீர் குறைந்தால் அதை மருந்தின் வேலை என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சேற்றில் நிற்பவர்களுக்கு அது வரும் ஆபத்து அதிகம், தாமதித்தால் உயிரையும் எடுக்கும். அதற்கு முற்காப்பாக எடுக்கும் குளிசையைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

"பழகிப்போச்சு" என்பதில் உள்ள ஆபத்து

அவர் சொல்வது முழுப்பொய் அல்ல. திரும்பத் திரும்ப நஞ்சு படும்போது சில நரம்புமுனைகள் தங்கள் உணர்வைக் குறைத்துக்கொள்கின்றன. முன்பு தலை சுற்றிய அளவுக்கு இப்போது சுற்றாது. ஆனால் நொதியம் கூடிவிட்டதா? இல்லை. அது இன்னும் குறைந்தேதான் இருக்கிறது. எச்சரிக்கை மட்டும்தான் போய்விட்டது. அந்த நிலையில் ஒருநாள் டாங்கி கூடுதலாகக் கசிந்தாலோ, இரண்டு மருந்தைக் கலந்து அடித்தாலோ, ஆள் நேரே விழுந்துவிடுவார். போன கிழமை நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இரண்டு குடும்பங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கார்பமேட் கட்டிய நொதியம் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாக அவிழ்ந்துவிடும். ஓர்கனோபொஸ்பேட் கட்டியது அப்படி அவிழாது. உடம்பு புதிதாக உற்பத்தி செய்ய வேண்டும். செங்குருதிக் கலத்தில் உள்ள நொதியம் நாளுக்கு ஏறக்குறைய 1 வீதம்தான் மீளும். முழுதாகத் திரும்ப மூன்று, நான்கு மாதம் ஆகலாம். இன்றைக்கு அடித்து, நாளைக்கு அடித்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வெடுத்தால் கணக்கு இறங்குமுகமாகத்தான் போகும். "இரண்டு நாளில் சரியாகிறது" என்று நீங்கள் பார்ப்பது வெளியில் தெரியும் குறி குறைவதை. உள்ளே குறைந்தது அவ்வளவு விரைவில் நிரம்பாது. அதனால், தங்கச்சி, அவருக்கு இப்போது முதல் மருந்து இடைவெளிதான். நான் எழுதித்தரும் குளிசைகள் அதற்குப் பிறகுதான்.

காலில் உள்ள விறைப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். சில ஓர்கனோபொஸ்பேட்டுகள் கடுமையாகப் பட்டால் இரண்டு மூன்று கிழமை கழித்து நரம்பு பழுதாகிக் கெண்டைக்கால் பிடிப்பு, பாதம் விறைப்பு, பிறகு பாதத்தைத் தூக்க முடியாமை வரலாம். ஆனால் அவருடைய வயதில் நீரிழிவும் இதே விறைப்பைத் தரும். சீனி பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டாயம் பாருங்கள். மறதி, தூக்கக்குறைவு, எரிச்சல் ஆகியவையும் நீண்டகாலம் பூச்சிநாசினி பட்டவர்களிடம் காணப்படுகின்றன. கோபத்தை அவருடைய குணம் மாறிவிட்டதாக எடுத்துக்கொண்டு சண்டை பிடிக்க வேண்டாம் என்று இதற்காகத்தான் சொல்கிறேன்.

வாயால் போவதை விடத் தோலால் போவது அதிகம்

"முகத்துக்கு லேஞ்சி கட்டித்தான் அடிக்கிறார்" என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். அந்த லேஞ்சி மருந்தில் நனைந்தால் மூக்கோடு சேர்த்து ஒட்டிவைத்த நஞ்சாகிவிடும். அதை விடப் பெரிய விஷயம், கைத்தெளிகருவியால் அடிப்பவருக்கு நஞ்சு பெரும்பாலும் தோல் வழியாகத்தான் போகிறது.

எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல. பரத்தியன் என்ற பூச்சிநாசினியை மனிதத் தோலில் இடம் இடமாகத் தடவி அளந்த ஆய்வு ஒன்று 1971-ல் வெளிவந்தது. முன்கையில் உள்ளே போனது 9 வீதத்துக்கும் குறைவு. நெற்றியில் 36 வீதம், கமுக்கட்டில் 64 வீதம். விதைப்பையிலோ கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. இப்போது உங்கள் வீட்டுக்காரர் அடிக்கும் கோலத்தை நினைத்துப் பாருங்கள். சாறனை மடித்துக் கட்டியிருப்பார். மூடி இறுகாத டாங்கி முதுகில் கசிந்து, வியர்வையோடு சேர்ந்து இடுப்பு வழியாகத் தொடைச்சந்துக்கு வடியும். தொடையளவு பயிருக்குள் தான் அடித்த பயிரையே உரசிக்கொண்டு நடப்பார். உடம்பில் எந்த இடம் நஞ்சை அதிகம் குடிக்குமோ அந்த இடம்தான் நாள் முழுக்க நனைந்திருக்கிறது. தோல் வழியாகப் போகும் நஞ்சு மெதுவாக ஏறும். வட்டையில் நல்லாக இருந்தவர் வீட்டுக்கு வந்த பிறகு வாடிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சினிமாவில் வரும் விண்வெளி உடுப்பு மாதிரி ஒன்றை மட்டக்களப்பு வெயிலில் போடச் சொன்னால் யாரும் போடமாட்டார்கள், போட்டால் வெயிலிலேயே விழுவார்கள். செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சாறனுக்குப் பதில் நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, தொப்பி. முதுகுக்கும் டாங்கிக்கும் நடுவே பொலித்தீன் துண்டு ஒன்று, இடுப்புக்குக் கீழே தொங்கும் அளவுக்கு. கலக்கும்போது இறப்பர் கையுறை கட்டாயம், ஏனென்றால் தண்ணீர் சேராத மருந்து கையில் படுவது அப்போதுதான். சேற்றில் பூட்ஸ் இறுகிவிடும் என்பது எனக்குத் தெரியும். அதைப் போட முடியாவிட்டால் வரம்புக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் காலைக் கழுவட்டும். காற்று முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். விடியற்காலையும் பின்னேரமும் அடிக்கலாம், உச்சிவெயிலில் வேண்டாம். அடைத்த நொசிலை வாயால் ஊதும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. பழைய பல்துலக்கி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டால் அந்த வேலை முடிந்தது. வெற்றிலையும் பீடியும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகுதான். வேலை முடிந்ததும் வாடியிலேயே குளித்து உடுப்பு மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

மணம் தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. மணம் பெரும்பாலும் கரைப்பானிலிருந்து வருவது. மணமில்லாத மருந்தும் நஞ்சுதான். போத்தல் லேபிளின் அடியில் உள்ள நிறப்பட்டையைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை.

ஆஸ்பத்திரி, பொலிஸ், பால்

இனி உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் இப்போது குற்றமே அல்ல. 1998-ல் அந்தச் சட்டப்பிரிவை நீக்கிவிட்டார்கள். ஆகவே யாராவது மருந்தைக் குடித்திருந்தாலும்கூட அதற்காக வழக்குப் போட முடியாது. உங்கள் வீட்டுக்காரரோ வேலை செய்யும்போது நஞ்சு பட்டவர். ஆஸ்பத்திரியில் பொலிஸார் வந்து விவரம் கேட்கலாம், அது அவர்களுடைய பதிவு வேலை. "மருந்தடிக்கும்போது வந்தது, எத்தனை டாங்கி அடித்தார், என்ன மருந்து" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லி எழுதவைப்பது உங்களுக்குத்தான் நல்லது. வேலையால் வந்த பாதிப்பு என்று பின்னர் எங்காவது காட்ட வேண்டி வந்தால் கையில் இருக்கப்போவது அந்த நோயறிதல் அட்டை மட்டும்தான்.

அரச ஆஸ்பத்திரியில் இதற்குச் சிகிச்சை இலவசம். அட்ரோபின் என்ற ஊசியைச் சரியான அளவில் ஏற்றினால் நெஞ்சில் கட்டும் சளி வற்றி மூச்சு வரும், இதயத்துடிப்பு ஏறும். அந்த அளவைத் தீர்மானிப்பது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் மட்டும்தான் செய்யக்கூடிய வேலை. எந்த மருந்து என்று தெரியாமல் வைத்தியர் தடுமாறினால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்தைக் கேட்டறிவார். அதற்கு லேபிள் வேண்டும். போத்தலையோ லேபிளின் படத்தையோ கொண்டுபோக மறக்காதீர்கள்.

இப்படி நடந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே 1990-க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

– மூச்சு முட்டுதல், நெஞ்சில் கரகரவென்று சத்தம், வாயால் நுரை
– வலிப்பு, அரைமயக்கம், கூப்பிட்டால் சரியாகப் பதில் வராமை
– நிற்காத வாந்தி, வயிற்றோட்டம். உடம்பெல்லாம் தசை துடித்தல்
– உதடும் நகமும் நீலமாதல். இது சில களைநாசினிகளால், முக்கியமாகப் புரொப்பனில் போன்றவற்றால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும்போது வரும்
– தெளிந்த பிறகும், நஞ்சேறி ஒன்று முதல் நான்கு நாளுக்குள் தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்க முடியாமை

கடைசியாகச் சொன்னதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆள் தேறிவிட்டார் என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது கழுத்தும் தோளும் தளர்ந்து, பிறகு மூச்சுத்தசையும் தளரும். இதற்கு இடைநிலைக் குறித்தொகுதி என்ற பொருளில் பெயரிட்டு 1987-ல் உலகுக்கு விவரித்துக் காட்டியவர்கள் நம் நாட்டு வைத்தியர்களான நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும்தான். கடுமையாக நஞ்சேறியவரைச் சில நாள் வாட்டில் வைத்திருப்பது இதற்காகத்தான். "சுகமாகிட்டார், துண்டு வெட்டித் தாங்கோ" என்று நிற்காதீர்கள்.

அம்புலன்ஸ் வரும் வரைக்கும் நனைந்த உடுப்பைக் களைந்து, சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் போட்டு உடம்பையும் தலைமயிரையும் கழுவுங்கள். கழுவுபவர் தன் கைக்கு ஒரு பொலித்தீன் பையாவது போட்டுக்கொள்ள வேண்டும். இடதுபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். பால், தயிர், புளிக்கரைசல், இளநீர் எதுவும் இந்த நஞ்சை முறிக்காது. தோல் வழியாகப் போனதை வயிற்றுக்குள் ஊற்றும் பால் எப்படி எடுக்கும்? அரைமயக்கத்தில் இருப்பவருக்குப் பருக்கினால் அது நுரையீரலுக்குள் போய் இன்னொரு ஆபத்தை உண்டாக்கும். வாந்தி எடுக்கவைப்பதும் கூடாது. அன்றைக்கு வாடியில் பால் பருக்கியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள், ஏனென்றால் வட்டையில் அவருக்குப் பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான்.

எந்த டெஸ்ட், சிறுநீரகம் என்னவாகும்

உடம்பில் உள்ள எல்லா நஞ்சையும் ஒரேயடியாகக் காட்டும் இரத்தப் பரிசோதனை கிடையாது. "உடம்பு நஞ்சை எடுக்கும் பெக்கேஜ்" என்று யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். இவருக்குப் பொருத்தமானது கோலினெஸ்டரேஸ் அளவு. அது எல்லா இடத்திலும் செய்யப்படுவதில்லை. செய்தாலும் ஒரேயொரு அளவை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் இயல்பான அளவு மாறுபடும். இப்போது ஒன்று, மருந்தடிக்காமல் இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிட்டால்தான் பயன். அது கிடைக்காவிட்டாலும் குறிகளை வைத்தே வைத்தியர் முடிவெடுப்பார். கூடவே சீனி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். 1990களில் வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளிடையே காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் கவனத்துக்கு வந்தது. விவசாய இரசாயனங்கள், குடிநீரில் உள்ள புளோரைட்டும் கடினத்தன்மையும், வெயிலில் நீரிழந்து உழைப்பது என்று பல சந்தேகங்கள் இருக்கின்றன. ஒன்றுதான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆகவே மருந்தடிப்பவருக்கெல்லாம் கிட்னி போகும் என்று பயப்படத் தேவையில்லை, போகவே போகாது என்று நானும் சொல்லமாட்டேன். அந்தப் பரிசோதனைகளை வருடத்துக்கு ஒருமுறை செய்யட்டும். வட்டையில் நல்ல தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். முதுகு நோவுக்குப் பாமசியில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக் என்ற நோவுக் குளிசையை நிறுத்தட்டும். நீரிழந்த உடம்பில் அந்தக் குளிசை சிறுநீரகத்தைக் கெடுப்பது சந்தேகமே இல்லாத விஷயம். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, நீங்கள் பயப்படும் நஞ்சை விட அதுதான் எனக்கு இப்போது கூடுதல் கவலை.

உங்களுக்கும் வயிற்றுப்பிள்ளைக்கும்

அவருடைய உடுப்பை இனி நீங்கள் தொட வேண்டாம். அவரே தனிப் பேசினில் ஊறவைத்து, தனியாகத் துவைத்து, வெயிலில் காயப்போடட்டும். கிணற்றுக்கட்டில் வேண்டாம், அந்தத் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள்தான் போகும். கர்ப்பகாலத்தில் இந்தப் பூச்சிநாசினிகள் அதிகம் பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியில் சிறிய குறைகள் இருந்ததாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடுப்புத் துவைத்ததால் உங்கள் பிள்ளைக்கு அப்படி வந்துவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இதுவரை நடந்ததை நினைத்து இரவில் விழித்திருக்காதீர்கள். அடுத்த கிளினிக்கில் மிட்வைஃபிடம் இந்த விஷயத்தைச் சொல்லி அட்டையில் குறித்துவைக்கச் சொல்லுங்கள், போதும்.

மருந்துப் போத்தல் வீட்டுக்குள் இருக்கவே கூடாது. வெறும் போத்தலை மூன்று தரம் அலசி அந்தத் தண்ணீரை டாங்கிக்குள்ளேயே ஊற்றிவிட்டு, அடியில் துளை போட்டுவிட வேண்டும். தேங்காயெண்ணெய்க்கோ மண்ணெண்ணெய்க்கோ அதை எடுக்கக் கூடாது. இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறேன். நம் நாட்டில் 1995 அளவில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அந்த ஆண்டு மொனோக்ரோடோபொஸ், மெத்தமிடோபொஸ் போன்ற கடும் நஞ்சான பூச்சிநாசினிகள் தடை செய்யப்பட்டன. அடுத்த பத்து ஆண்டில் அந்த விகிதம் கிட்டத்தட்ட பாதியானது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் கோபத்தில் எடுக்கும் முடிவு பல நேரம் அத்தோடு கடந்துபோய்விடுகிறது. கடனும் கோபமும் தூக்கமின்மையும் சேர்ந்த வீடு உங்களுடையது. போத்தல்கள் போடியாரின் களஞ்சியத்தில் பூட்டியே இருக்கட்டும். அவர் வாழ்க்கை வெறுத்துப் பேசினால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

வேலையை என்ன செய்வது

"நாளைக்கே விடுங்கள்" என்று எழுதுவது எனக்கு இலகு. அரிசி வாங்கப்போவது நீங்கள். அதனால் மூன்று வழிகளையும் அவற்றின் விலையோடு சொல்கிறேன்.

முதலாவது, இந்தப் போகத்துக்கு மருந்தடிப்பதை முழுதாக நிறுத்தி வேறு கூலிக்குப் போவது. வட்டையில் விழுந்த ஒருவருக்கு வைத்தியராக நான் சொல்லக்கூடியது இதுதான். அறுவடை வரப்போகிறது, வெட்டு, மூட்டை ஏற்றுதல், ஆலை வேலை என்று கொஞ்சக் காசாவது கிடைக்கும். இரண்டாவது, வைத்தியர் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகு, நாட்களை இடைவிட்டு, நான் மேலே சொன்ன உடுப்போடு, களைநாசினி போன்ற வேறு வகையை மட்டும் அடிப்பது. இது அரைப் பாதுகாப்பு; களைநாசினிகளிலும் நஞ்சானவை உண்டு. மூன்றாவது, இப்போது செய்வதையே தொடர்வது. அதன் விலையை நீங்கள் போன கிழமை பார்த்துவிட்டீர்கள்.

முற்பணத்தைப் பற்றிப் போடியாரிடம் பேசும்போது வெறும் இரக்கம் கேட்டுப் போகாதீர்கள். அவருக்கும் லாபமான கதை ஒன்று இருக்கிறது. பூச்சிநாசினி அறக்கொட்டியைக் கொல்வதோடு அதைத் தின்னும் சிலந்தியையும் மற்றப் பூச்சிகளையும் கொன்றுவிடுகிறது. எதிரி இல்லாத வட்டையில் அறக்கொட்டி இன்னும் பெருகும். நெல் ஆராய்ச்சியில் இது பல காலமாகத் தெரிந்த விஷயம். விதைத்து முதல் 40 நாளில் இலைசுருட்டிப் புழுவுக்கு அடிப்பது பெரும்பாலும் வீண்செலவு, பயிர் தானாகத் தளிர்த்துவிடும். கமநல சேவை நிலையத்தில் உள்ள விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டு வட்டையைப் பார்க்கச் சொன்னால், எங்கே அடிக்க வேண்டும், எங்கே தேவையில்லை என்று சொல்வார். டாங்கி குறைந்தால் போடியாருக்கு மருந்துக்காசு மிச்சம். கொடுத்த முற்பணத்தை வேறு வேலையில் கழிக்கச் சம்மதிப்பாரா என்று அதன் பிறகு கேளுங்கள். விபத்துக்கு இழப்பீடு கேட்கலாமா என்பது சட்டத்தரணியின் விஷயம். சட்ட உதவி ஆணைக்குழுவில் காசில்லாமல் ஆலோசனை கேட்கலாம். போகும்போது ஆஸ்பத்திரி அட்டையைக் கொண்டுபோங்கள்.

மகன் விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டாவது வழி கிடையாது. மருந்து கலக்கும் இடத்தில்தான் மிகக் கடுமையான சரக்கு கையில் படும். வளரும் உடம்புக்கு அதே அளவு நஞ்சு கூடுதலாக வேலை செய்யும். 18 வயதுக்குக் குறைந்தவர்களை இப்படிப்பட்ட நச்சு வேலையில் ஈடுபடுத்துவது சட்டத்துக்கும் விரோதம். நாளையிலிருந்து அவன் அந்த வட்டைக்குப் போகக் கூடாது.

இந்தக் கிழமையே அவரை ஆதார வைத்தியசாலை ஒன்றுக்குக் கூட்டிப் போங்கள். வாவியைக் கடக்க மண்முனைப் பாலம் இருப்பதால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் உங்களுக்கு எட்டாத தூரம் இல்லை. ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: கடந்த ஒரு மாதத்தில் எந்தெந்த நாள் அடித்தார், அடித்த மருந்துகளின் பெயர், எந்த நாள் என்ன குறி வந்தது. எனக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் பிரதி இருந்தால் அதையே கொண்டுபோனாலும் போதும்.